தம்பிக்குன்னு செஞ்ச மெஷின்

வாங்க, வாங்க. செருப்பு இருக்கட்டுமுங்க, பட்டறைதானே, கீழ ஆணி கெடக்கும். பொள்ளாச்சியில இருந்தா வர்றீங்க? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஆனா முதல்லயே சொல்லிடறனுங்க, மெஷின் விக்கறதுக்கில்லை. உங்களுக்குப் போன்ல சொன்னது என்ற சம்சாரம் ருக்குமணியாத்தான் இருக்கும். அவ பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கறா. பழைய இரும்புக்காரன்கிட்டக்கூடச் சொல்லிட்டா. அவன் தராசோட வந்து நின்னான், தொரத்தி விட்டேன்.

பாக்கறதுக்கென்னங்க, நல்லாப் பாருங்க. மேல கையை வச்சுப் பாருங்க. எங்கயாவது சொரசொரன்னு இருக்குதா? பின்னால தகரக் கொட்டாயில வருசக்கணக்கா மழையில நனைஞ்சு, கோழி ஏறி உக்காந்து, செடி மொளைச்சுக் கெடந்த மெஷின் இதுன்னா நம்புவீங்களா? மரம் இழைக்கற மெஷினுங்க, நல்ல மெஷின். இப்ப வர்றதெல்லாம் தகரம். இது அத்தனையும் வார்ப்பு. நாலு பேரு சேந்தாலும் நகட்ட முடியாது.

இதை நான் எனக்குன்னு செய்யலீங்க. திருமூர்த்திக்குன்னு செஞ்சேன். திருமூர்த்தி என்ற தம்பி. கூடப் பொறந்தவன், ஒரே தம்பி. அவனுக்குன்னு செஞ்சதை நான் விக்கலாமுங்களா? உக்காருங்க, சொல்றேன். கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் இந்தப் பட்டறையை நடத்துனோம். மேசை நாற்காலி செய்யறதில்லீங்க, பேட்டர்ன் செய்யறது. ஃபவுண்டரியில இரும்பை உருக்கி ஊத்தறதுக்கு முன்னால, அந்தச் சாமான் எப்படி இருக்கணுமோ அதே மாதிரி மரத்துல செஞ்சு குடுக்கணும். அதை மண்ணுல பதிச்சுத்தான் ஊத்துவாங்க. கோயமுத்தூர்ல ஓடுற பம்புல பாதி முதல்ல மரத்துல பொறந்ததுதானுங்க. ஆர்டர் புடிக்கறது, வரைபடம் பாக்கறது, பார்ட்டிகிட்டப் பேசறது எல்லாம் நானு. கைவேலை அவன். அவனுக்குக் கை அப்படி. ஒரு கட்டையை எடுத்துத் தடவிப் பாத்தே, எங்க மேடு எங்க பள்ளம்னு சொல்லிருவான்.

அப்பறம்தான் அந்தச் சங்கடம் வந்துச்சு. இந்த மெஷின்லதான்.

ஒரு பெரிய ஆர்டர். சாயங்காலம் லாரி வந்து வாசல்ல நிக்குது. திருமூர்த்திக்கு அன்னிக்குக் காச்சல். மத்தியானத்துல இருந்தே, "அண்ணா, கண்ணைச் சொருகுது, காலையில வெள்ளன வந்து முடிச்சுத் தர்றேன்"னு சொல்லிட்டிருந்தான். "லாரி நிக்குதுடா, இந்த ஒரு கட்டையை மட்டும் இழைச்சுக் குடுத்துட்டுப் போ"ன்னேன். நீங்களா இருந்தாலும் அதைத்தானுங்க சொல்லியிருப்பீங்க. குட்டைக் கட்டை. தள்ளறப்ப ஒரு எகிறு எகிறிருச்சு. கை அப்படியே கத்தி மேல போயிருச்சு. வலது கை. கட்டை விரல் மட்டும் மிஞ்சுச்சு.

கத்திக்கு மேல ஒரு கவர் உண்டு, உங்களுக்குத் தெரியும். அதை நான் கழட்டி வச்சிருந்தேன். கவர் இருந்தா ஒவ்வொரு கட்டைக்கும் ஒதுக்கி ஒதுக்கி வேலை ஆகாதுங்க. எல்லாப் பட்டறையிலயும் கழட்டித்தான் வச்சிருப்பாங்க. உங்க பட்டறையில இருக்குதா? பாத்தீங்களா, சிரிக்கறீங்க. அதையெல்லாம் ஒரு காரணமாச் சொல்ல முடியுமா? மனுசனுக்குக் கவனம் வேணுமில்லீங்களா.

நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். என்ற சட்டை, வேட்டி எல்லாம் ரத்தம். ஆசுபத்திரியில ராத்திரி பூராம் நான்தான் நின்னேன். அதையெல்லாம் இப்ப யாரு நெனைச்சுப் பாக்கறாங்க?

அதுக்கப்பறமும் நான் அவனைக் கைவிடலீங்க. பட்டறையிலயே வச்சுக்கிட்டேன். கூட்டறதுக்கு, டீ வாங்கியாறதுக்கு, வர்றவங்க போறவங்களைப் பாத்துக்கறதுக்கு. வேற யாராவது வச்சிருப்பாங்களா? கொஞ்ச நாள்லயே அவனாத்தான், "நான் உடுமலைக்குப் போறேண்ணா"ன்னான். அங்க அவன் மாமனார் மாட்டுத்தீவனக் கடை வச்சிருந்தாரு. புண்ணாக்கு எடை போட்டுக் குடுத்துட்டு உக்காந்துட்டான். எம்மேல ஒரு கோவமும் இல்லீங்க அவனுக்கு. நோம்பி, பண்டிகை நாள்ல வருவான். "நல்லா இருக்கீங்களாண்ணா"ன்னு கேப்பான். கையைத் துண்டுக்குள்ள சுத்தி வச்சுட்டே உக்காந்திருப்பான். சாப்பிட்டுட்டுப் போயிருவான். பட்டறைப் பக்கம் மட்டும் வர மாட்டான்.

மெஷினை அதுக்கப்பறம் ஒருத்தனும் தொட மாட்டேனுட்டான். வேலைக்கிருந்த ஆளுக எல்லாம் பயந்தாங்கொள்ளிக. சரின்னு பின்னால தள்ளி விட்டுட்டேன். நாளாவட்டத்துல பேட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டர்ல செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. நானும் பட்டறை முன்பக்கத்தை ஒரு மோட்டார் கடைக்கு வாடகைக்கு விட்டுட்டு உக்காந்துட்டேன்.

போன வருசம் திருமூர்த்தி போன் பண்ணுனான். "மேகலாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருக்குதுண்ணா. தை மாசம் கல்யாணம். நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்." மேகலா அவன் பொண்ணு, ஒரே பொண்ணு. எனக்குக் கொழந்தை இல்லைங்களா, அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நானு. சீரு செய்யணுமேன்னு யோசிச்சேன். பாத்திரம் பண்டம், நகை நட்டு எல்லாரும்தான் செய்வாங்க. பெரியப்பன் செய்யறது மனசுல நிக்கணும் பாருங்க.

யோசிச்சிட்டே பின்னால போனவன், இந்த மெஷினைப் பாத்தேன். அப்பத்தான் பளிச்சுன்னு தோணுச்சு. தம்பிக்கு என்ன கொறைச்சல்? பயம். அந்தப் பயத்துலதான் புண்ணாக்குக் கடையில ஒடுங்கிப் போய் உக்காந்திருக்கறான். இதைப் புதுசாட்டப் பண்ணி, அவன் முன்னால ஓட்டிக் காமிச்சு, அவன் கையாலயே ஒரு கட்டையை இழைக்க வச்சுட்டோம்னா பயம் போயிரும். ஆளு எந்திரிச்சுருவான். பொண்ணு கல்யாணத்துக்கு அப்பனை நிமுத்தி நிறுத்துனா, அதுக்கு மேல என்ன சீரு வேணும்?

ருக்குமணிகிட்டச் சொன்னேன். "அதைத் தொடாதீங்க"ன்னா. அன்னியில இருந்து கொட்டாய்ப் பக்கம் டீ கொண்டாந்து குடுக்கறதை நிறுத்திட்டா. பொம்பளைகளுக்கு மெஷின் அருமை தெரியாதுங்க.

வேலைன்னா அப்படி வேலை. துரு ஏறி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பத்திக்கிச்சு. ஒரு நட்டு கழட்ட முடியலை. டீசலை ஊத்தி ஊறப் போட்டேன், சுட வச்சு அடிச்சேன். ஒவ்வொரு நட்டும் நாய் கத்தற மாதிரி கத்திட்டுத்தான் கழண்டுச்சு. மேல்தட்டை முதல்ல கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, அப்பறம் உப்புத்தாள், அப்பறம் இன்னும் நைசான தாளு. தேய்க்கத் தேய்க்கத் துரு செகப்பா, தண்ணியில கரைஞ்சு வடியும். வேட்டியெல்லாம் செகப்பு. ருக்குமணி அந்த வேட்டிகளைத் தொவைக்க மாட்டேனுட்டா. நானேதான் தொவைச்சேன்.

கத்தி சுத்தற உருளையை அசைக்கறதுதான் பெரும்பாடு. பேரிங் ரெண்டும் செத்துப் போச்சு. அதை வெளிய எடுத்துட்டு, அடியில குழி இருக்குது பாருங்க, சீவல் விழுற எடம், அதைச் சுத்தம் பண்ண உக்காந்தேன். பழைய மரத்தூளு, மழைத் தண்ணி எல்லாம் சேந்து சாணி வரட்டியாட்டம் கெட்டியா அப்பிக் கெடந்துச்சு. உளி வச்சுக் கொத்தி எடுத்தேன். ஒரு மூலையில கறுப்பா இருந்துச்சு. அதைப் பேத்தப்ப உளி டிங்குன்னு எதுலயோ பட்டுச்சு. என்னன்னு பாத்தா மோதிரம்.

திருமூர்த்தி மோதிரமுங்க. கல்யாணத்துல அவன் மாமனார் போட்டது. நெளிஞ்சு, ஒரு பக்கம் கத்தி பட்டு வெட்டுப்பட்டு, கறுத்துப் போய்க் கெடந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலீங்க. தொலைஞ்சு போச்சுன்னு விட்டது. துரு எடுக்கற தண்ணியிலயே ஊறப் போட்டுக் கழுவுனேன். தங்கம் பாருங்க, என்னைக்கு இருந்தாலும் தங்கம்தான்.

ருக்குமணிகிட்ட ஓடிப் போய்க் காமிச்சேன். அவ அதைக் கையில வாங்கல. "அவன்கிட்டக் காமிக்காதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம். காமிக்காதீங்க"ன்னு அழுகறா. நல்ல காரியத்துக்கு முன்னால அழுவாச்சி. திட்டி விட்டேன்.

நகைப்பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். ஆசாரி திருப்பித் திருப்பிப் பாத்தான். "பத்த வச்சு, நிமுத்தி, மெருகு போட்டுத் தந்தர்றனுங்க. எந்த விரலுக்கு? அளவு சொல்லுங்க"ன்னான். "பழைய அளவுக்கே பண்ணுப்பா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவனுக்கெதுக்குங்க இந்தக் கேள்வியெல்லாம்.

மெஷினுக்குப் புது பேரிங், புது பெல்ட், மோட்டாருக்குச் சுருள் மாத்தி, பச்சைப் பெயிண்ட் அடிச்சேன். கவரைத் தேடிப் பாத்தேன், எங்க போட்டேன்னு தெரியலை. அது இல்லாட்டி என்ன. முதல் தடவை சுவிட்சைப் போட்டப்ப, அப்படியே ரீங்காரம் போட்டுச்சு பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. பழைய சத்தம். அதே சத்தம். துளி மாறலை.

ஆயுத பூசைக்கு மெஷினைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வச்சேன். மறுநாள் விஜயதசமிக்கு வரச் சொல்லித் திருமூர்த்திக்குப் போன் போட்டேன். "கல்யாண விசயம் பேசணும், ஊட்டுல எல்லாரும் வாங்க"ன்னு மட்டும் சொன்னேன். மெஷினைப் பத்தி மூச்சு விடலை.

வந்தாங்க. திருமூர்த்தி, அவன் சம்சாரம் வசந்தாமணி, மேகலா. வெத்தலை பாக்கு, பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. காப்பி குடிச்சதும், "வாடா, உனக்கொண்ணு காமிக்கறேன்"னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். இங்கதான், நீங்க உக்காந்திருக்கறீங்கல்ல, அங்கதான் நின்னான். மெஷின் மேல ருக்குமணி பட்டுச் சீலை ஒண்ணைப் போத்தி வச்சிருந்தேன். ஒரு இழு இழுத்தேன்.

ஒருத்தரும் பேசலை.

சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனைச்சேனுங்க. "தம்பி, வா, உன்ற கையால சுவிட்சைப் போடு"ன்னேன். அவன் மெஷினையே பாத்துட்டு, "எந்தக் கையாலண்ணா?"ன்னான். நான் சிரிச்சேன். தமாசு பண்றான்னு நெனைச்சேன். ஆரம்பத்துல கொஞ்சம் கூச்சம் இருக்குமில்லீங்களா? சரின்னு நானே போட்டு விட்டேன். தயாரா ஒரு தேக்குக் கட்டை எடுத்து வச்சிருந்தேன், அதை வச்சுத் தள்ள ஆரம்பிச்சேன். சீவல் அப்படியே சுருள் சுருளாப் பறக்குது.

மேகலா கத்துனாளாமா. "நிறுத்துங்க பெரியப்பா, நிறுத்துங்க"ன்னு. அந்தச் சத்தத்துல எனக்கெங்க கேக்குது? கட்டை பாதியில நிக்கறப்ப நிறுத்துனா வடு விழுந்துரும், தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். முழுசா இழைச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்.

திருமூர்த்தி நின்ன எடத்துலயே நின்னிட்டிருந்தான். ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிட்டு, கண்ணை மூடிட்டு, வாயைத் தொறந்துட்டு. வேட்டி நனைஞ்சிருந்துச்சு. கீழ தரையெல்லாம் ஈரம்.

எனக்கே வெக்கமாப் போச்சுங்க. வளந்த பொண்ணு முன்னால. அவனுக்கு சர்க்கரை இருக்குது, அதனால இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன். மேகலா அவ போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து அப்பன் இடுப்பைச் சுத்திக் கட்டி விட்டா. ருக்குமணி ஓடியாந்து சுவிட்சை நிறுத்தினா. அந்த உருளை ஒடனே நிக்காது, ஓஞ்சு ஓஞ்சுதான் நிக்கும்.

சூழ்நிலையை மாத்தணுமேன்னு, தாம்பாளத்துல வச்சிருந்த மோதிரத்தை எடுத்து நீட்டுனேன். "இதைப் பாருடா. யாரு மோதிரம் சொல்லு பாக்கலாம்"னேன். அவன் பாக்கலை. வசந்தாமணிதான் வந்து எடுத்துப் பாத்தா.

"இது எங்க இருந்துச்சு மாமா?"

"மெஷினுக்குள்ளதான் அம்மிணி. அடியில தூளுக்குள்ள பொதைஞ்சு கெடந்துச்சு. நான்தான் கொத்தி எடுத்தேன்."

அப்பறம் மெதுவாக் கேட்டா. "அன்னிக்கு டாக்டரு, விரலு ஏதாவது கெடைச்சாக் கொண்டாங்க, ஒண்ணு ரெண்டாவது தெச்சு வைக்க முடியுமான்னு பாக்கறேன்னு சொன்னாரு. நீங்கதான் பட்டறைக்குப் போய்ட்டு வந்தீங்க. தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமா அம்மிணி. தேடுனேன்."

"எங்க தேடுனீங்க மாமா?"

என்னங்க கேள்வி இது? தேடாம இருப்பனா? ஆசுபத்திரியில இருந்து வந்தேன், பாத்தேன், மெஷினைச் சுத்திப் பாத்தேன், கீழ பாத்தேன். உள்ள உருளையைக் கழட்டிப் பாக்கணும்னா அது அரை நாள் வேலைங்க. லாரி அப்படியே நின்னுட்டிருக்குது. டிரைவர் ஆரனை அடிக்கறான். பார்ட்டி போன் மேல போன் போடறான். மிச்சம் ஒரே ஒரு கட்டைதான். வேலைக்காரங்க யாரும் வர மாட்டேனுட்டாங்க, நானே தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஓட்டி முடிச்சுக் குடுத்தனுப்பிச்சேன். தொழில்னா தொழிலு. அப்படியே கெடைச்சிருந்தாலும் இழைப்புக் கத்தியில பட்டது ஒட்டுமா? டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொல்றது. நான் இதைத்தான் வசந்தாமணிகிட்டயும் சொன்னேன். இவ்வளவு வெளக்கமா, தன்மையாச் சொன்னேன்.

அவ மோதிரத்தைத் திரும்பத் தாம்பாளத்துலயே வச்சா. திருமூர்த்தி முதல் தடவையா என்னை நிமிந்து பாத்தான். கோவமெல்லாம் இல்லீங்க அந்தப் பார்வையில. வழி தெரியாத ஊர்ல நிக்கறவன் பாப்பானே, அப்படி.

"நீங்களே ஓட்டுனீங்களாண்ணா? அன்னிக்கு, அதுக்கப்பறம்?"ன்னு கேட்டான்.

"ஆமாண்டா, வேற யாரு ஓட்டறது?"ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டான். அப்பறம் பொண்டாட்டி புள்ளையோட ஆட்டோ வச்சுப் போயிட்டாங்க. சாப்பாடு செஞ்சு வச்சது அத்தனையும் அப்படியே கெடந்துச்சு.

அப்பறம் நான் போன் பண்ணுனா எடுக்கறதில்லை. கல்யாணம் நெருங்குது, பத்திரிகை வரலை. ருக்குமணிக்கு மட்டும் வசந்தாமணி போன்ல சொல்லியிருக்கறா. "அக்கா, நீங்க முந்துன நாளே வந்துருங்க"ன்னு. இவ போயிட்டா. என்னை வா, வராதேன்னு ஒண்ணும் சொல்லலை. கூடப் பொறந்தவன் பொண்ணு கல்யாணத்துக்கு அழைப்பு எதுக்குங்க? முகூர்த்தத்தன்னிக்கு வெள்ளன பஸ் ஏறிட்டேன். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு. மோதிரத்தை மடியில முடிஞ்சு எடுத்துட்டுப் போனேன், மாப்பிள்ளைக்குப் போட்டு விடலாம்னு.

மண்டபத்து வாசல்ல திருமூர்த்தி நின்னு எல்லாரையும் வரவேத்துட்டிருந்தான். கையில துண்டு சுத்தலை. ரெண்டு கையையும் கூப்பித்தான் கும்பிட்டுட்டிருந்தான், அந்தக் கையையும் சேத்து. நான் போய் எதுக்க நின்னேன். எனக்கும் அப்படியே கும்பிட்டான். "வாங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னான். அண்ணாங்கற வார்த்தை மட்டும் இல்லீங்க. அடுத்தாப்பல வந்தவரைப் பாத்து, "வாங்க மச்சான்"னு திரும்பிட்டான்.

உள்ள போய்க் கடைசி வரிசையில உக்காந்தேன். மேடையில பெரியப்பன் நிக்க வேண்டிய எடத்துல, வசந்தாமணியோட அண்ணன் நின்னிட்டிருந்தாரு. ருக்குமணி மேகலாவுக்குப் பின்னால நின்னு பூச்சரத்தைச் சரி பண்ணிட்டிருந்தா. என்னைப் பாத்தா. பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டா. தாலி கட்டறப்ப அட்சதை போடறதுக்கு எந்திரிச்சேன், முன்னால இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க, ஒண்ணும் தெரியலை. போட்டது எங்க விழுந்துச்சோ.

பந்தியில எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர். மாப்பிள்ளை பக்கத்துக்காரரு, தாராபுரத்துக்காரர். நல்ல மனுசன். எனக்கு வடை வைக்காமப் போனவனைக் கூப்புட்டு வைக்கச் சொன்னாரு. அப்பறம் பேச்சுக் குடுத்தாரு.

"நீங்க பொண்ணு ஊட்டுக்கு என்ன வேணுமுங்க?"

நான் வாயில இருந்ததை முழுங்கிட்டுச் சொல்றதுக்குள்ள, அவரே சொன்னாரு. "நல்ல குடும்பமுங்க. பாவம், பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் இருந்தாராமா. கோயமுத்தூர்ல. தவறிட்டாராமா. அவரு இருந்திருந்தா முன்னால நின்னு நடத்தியிருப்பாருன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டிருந்தாரு. சொல்றப்ப அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க."

நான் ரசத்தைப் பாத்துட்டே இருந்தேன்.

"நீங்க?"ன்னு மறுபடியும் கேட்டாரு.

"தெரிஞ்சவங்க"ன்னு சொன்னேன். "பழக்கம். பட்டறைப் பழக்கம்."

மோரு ஊத்த வந்தாங்க, வேண்டாம்னுட்டேன். வரிசையில எல்லாரும் எந்திரிக்க ஆரம்பிச்சாங்க. நானும் இலையை மடிச்சுட்டு எந்திரிச்சேன். பெரியவர் என்ற துண்டைப் புடிச்சு நிறுத்தினாரு.

"ஏனுங்க, கல்யாண ஊட்டுல போய் இலையை அக்கட்டால, வெளிப்பக்கமா மடிக்கறீங்க? கருமாதிச் சாப்பாட்டுக்குத்தானே அப்படி மடிப்பாங்க?"

குனிஞ்சு பாத்தேனுங்க. ஆமா, அப்படித்தான் மடிச்சிருந்தேன்.